பத்து பவுண்டு

"உங்கள் டென்மார்க்கில் நம்மைப் போன்ற இருவரை
என்ன சொல்லி அழைப்பார்கள்?" என்று கேட்டாள்.
"எங்கள் ஊரில் இதற்குப் பெயரே இல்லை" என்றேன்.
"எங்கள் லங்காஷயரிலும்தான்" என்றாள் திர்சா,
உருளைக்கிழங்குத் தோல் அறாமல் சீவியபடி.

நான் ரயிலில் வந்தவள்.
அவள் நடந்து வந்தவள்.
யூட்டாவில் அதுதான் மேல் கீழ்.

அயோவாவில், புல்வெளி தொடங்குமிடத்தில்,
ஒரு தராசு தொங்கியதாம்.
பெரியவருக்குப் பதினேழு பவுண்டு, பிள்ளைக்குப் பத்து.
அதற்கு மேல் கைவண்டியில் ஒரு கரண்டியும் ஏறாது.
திர்சா நான்கு பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி
உள்ளே ஒரு செம்புக் கெட்டிலைத் தொங்கவிட்டு
கர்ப்பிணிபோல நின்றாள்.
"தராசு மூட்டையைத்தானே நிறுத்தது,
என்னையா நிறுத்தது?"
இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள்.

அடுத்ததை எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

ஸ்வீட்வாட்டர் ஆற்றங்கரை. அக்டோபர் பனி.
மூன்று வயது ஈனோஸ்
அவள் முதுகுக்குப் பின்னால் விறைத்துக் கிடந்தான்.
நிலம் இரும்பாகியிருந்தது.
ஜேபஸ் வாணலியால் கொத்திக் குழி எடுத்தார்.
விடிந்ததும் குழுத்தலைவர் வந்தார்.
கெட்டவர் அல்ல, அவரும் ஒன்றைப் புதைத்தவர்.
கணக்கேட்டைப் பார்த்தபடி சொன்னார்:
"சகோதரி, இனி உங்கள் வண்டியில்
பத்து பவுண்டு குறைய வேண்டும்."

அவள் பாவாடைக்குள் கைவிட்டுக்
கெட்டிலைக் கழற்றிப் பாதையோரம் வைத்தாள்.
அது அவருடைய பட்டியலிலேயே இல்லை.
பையனின் போர்வையும் செருப்பும் வண்டியிலேயே இருந்தன.
அவர் கெட்டிலைப் பார்த்தார்.
ஏட்டை மூடிக்கொண்டார்.

அதன்பின் கடையில் மாவு வாங்கினாலும்
இரண்டு தடவை நிறுக்கச் சொல்வாள்.
ஜேபஸ் கூசிப்போய்க் குதிரையிடம் போய்விடுவார்.
நான் அவளோடு நிற்பேன்.

எப்போதும் நின்றேன் என்று சொன்னால் பொய்.
சனிக்கிழமை இரவுகளில்
அவர் எந்தக் கதவைத் திறக்கிறார் என்று
சுவருக்கு இருபுறமும் இருவர்
மூச்சடக்கிக் கேட்டுக்கிடந்த ஆண்டுகள் உண்டு.
அவள் உப்பைக் கூடுதலாகப் போட்ட சூப்பை
நான் முகம் சுளிக்காமல் குடித்ததும் உண்டு.
பிறகு அவளுக்கு ஏழு, எனக்கு மூன்று.
எது யாருடையது என்று
கோழிகளுக்குக்கூடத் தெரியாமல் போயிற்று.

பிறகு பட்டு.
சபைப் பெண்கள் பட்டுப்புழு வளர்க்க வேண்டுமென்று
வடக்கிலிருந்து முட்டைகள் வந்தன,
கடுகு தூவிய காகிதம்போல.
சிவப்பு மலையடியில் முசுக்கட்டை நட்டோம்.
புழுக்களுக்கு என் படுக்கையறை, எனக்குச் சமையலறைத் தரை.
கூடுகளை வெந்நீரில் போடும் நாளில் மட்டும்
"நீ செய்" என்று சொல்லிவிட்டு
வாய்க்காலோரம் போய்
ஒன்றுமில்லாத மண்ணைக் கொத்துவாள்.

அரசாங்கம் இரண்டாம் மனைவிகளைத் தேடிய ஆண்டு,
மே மாதம், மூன்று மணி வெயில்.
ஜேபஸ் ஏற்கெனவே மலையில் எங்கோ.
நான் எட்டு மாதம்.
புழுத்தட்டுகளின் அடுக்குக்குப் பின்னால்
சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தேன்.
தலைக்கு மேல் இருபதாயிரம் வாய்கள்
இலை தின்றுகொண்டிருந்தன.

"சிட்ஸெல் என்கிற பெண் எங்கே?"
டெபுடி மார்ஷலின் பூட்ஸ் அறை வாசலில் நின்றது.
"அப்படி யாரும் என் மூட்டையில் இல்லை" என்றாள் திர்சா.
அவன் காதைச் சாய்த்தான்.
"என்ன சத்தம் அது? மழையா?"
"மழைதான்."

அவன் வாசல் வழியே வானத்தைப் பார்த்தான்.
ஒரு பொட்டு மேகம் இல்லை.
அவளைப் பார்த்தான்.
ஐம்பது வயது, மாவு படிந்த முழங்கை,
கதவை அடைத்த இடுப்பு.
தொப்பியை நெற்றிவரை இறக்கிக்கொண்டு
நனையாமல் போய்ச் சேர்ந்தான்.

நான் எழுந்திருக்க முடியாமல் அழுதேன்.
அவள் தட்டுகளை ஒவ்வொன்றாய் நகர்த்தி
என் தலைமுடியிலிருந்து இரண்டு புழுக்களை எடுத்து
இலைமேல் விட்டாள்.
பிறகு அடுப்பில் கெட்டிலை வைத்தாள்.
புதியதுதான்.
வாங்கும்போது அதையும் நிறுக்கச் சொல்லி
கடைக்காரனோடு சண்டை போட்டாளாம்.